ஜோடி ஆட்டுக்குட்டி

ஒரு ஊர்ல ஒரு தென்னந்தோப்பு இருந்துச்சு. தோப்புக்கு நடுவுல ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுல வஞ்சின்னு ஒரு பொண்ணு. அன்னைக்கு அவளுக்குப் பொறந்த நாளு, ஏழு வயசு. அவளுக்கு ஒரு தங்கச்சி, பேரு பட்டு. இத்துனூண்டு இருப்பா. அக்கா எங்க போனாலும் பின்னாடியே தத்தக்கா பித்தக்கான்னு போவா. ம் கொட்டுறியா? கொட்டு கொட்டு.

வெயில் சாஞ்சு, தோப்பு முழுக்க மஞ்சளா ஒரு வெளிச்சம். தென்னங்கீத்து சலசலன்னு ஆடுது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாம் புதுத்துணி போட்டுக்கிட்டு வந்தாச்சு. அவங்களுக்கு விளையாட்டு வைக்கிறது கோதை சித்தி. வஞ்சியோட அம்மாவுக்குத் தங்கச்சி, பால்வாடி டீச்சர்.

"இன்னைக்கு எல்லாமே தோட்டத்து விளையாட்டு"ன்னாங்க சித்தி.

மொதல்ல கோழி ஓட்டம். கரண்டியில அவிச்ச முட்டைய வெச்சுக்கிட்டு குடுகுடு குடுகுடுன்னு ஓடணும். முட்டை விழக் கூடாது. வஞ்சிதான் முன்னாடி ஓடுறா. அப்போ குறுக்க வந்தா பட்டு. முட்டைய எடுத்தா, லபக்! "நல்லாருக்குக்கா"ன்னா, வாய் நெறைய மஞ்சக்கருவோட.

அப்புறம் மாட்டுக்கு வால் ஒட்டுறது. சுவத்துல சாக்பீஸால ஒரு மாடு, வால் மட்டும் இல்ல. கண்ணக் கட்டிக்கிட்டுப் போயி கயித்து வால ஒட்டணும். வஞ்சி முறை வந்துச்சு, வாலக் காணோம்! பாத்தா, பட்டு அதத் தன் பாவாடையில சொருகிக்கிட்டு திங்கு திங்குன்னு குதிக்கிறா. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. வஞ்சிக்கு மட்டும் மூக்கு செவந்து போச்சு.

மூணாவது, ஜோடி தேடுறது. சித்தி ஒவ்வொருத்தர் காதுலயும் ஒரு பிராணி பேரச் சொல்லுவாங்க. ரெண்டு பசு, ரெண்டு வாத்து, ரெண்டு சேவல் அப்படி. எல்லாரும் கண்ணக் கட்டிக்கிட்டு, அதது மாதிரி கத்தி, தன் ஜோடியக் கண்டுபுடிக்கணும்.

"எனக்குக்கா? எனக்கு?"ன்னு பட்டு வந்து நின்னா.

"உனக்கு ஒண்ணும் கெடையாது. ஆட்டத்தக் கெடுக்காத, போ அந்தாண்ட!"ன்னா வஞ்சி.

பட்டு ஒதடு பிதுங்குச்சு. அழல. சும்மா திரும்பி நடந்தா. அப்போ வஞ்சிக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஆனா கூப்புடல. அதுக்குள்ள கண்ணக் கட்டிட்டாங்க.

அப்புறம் தோப்பே அதிர்ந்துச்சு போ! ம்மா... குவாக் குவாக்... கொக்கரக்கோ! வஞ்சிக்கு ஆட்டுக்குட்டி. "ம்மே, ம்மே"ன்னு கைய நீட்டிக்கிட்டு நடக்கிறா. பசு பசுவோட சேந்துருச்சு. வாத்து வாத்தோட சேந்துருச்சு. ஒவ்வொரு சத்தமா அடங்கிருச்சு. "ம்மே"ன்னா வஞ்சி. காத்து மட்டும் உஸ்ஸுங்குது.

வஞ்சி கண்கட்ட அவுத்தா. "சித்தி, எனக்கு ஜோடியே இல்லையா?"

"இருக்காளே! அழுற மாதிரி போனாளேன்னு பட்டு காதுலதான் சொன்னேன், நீயும் ஆட்டுக்குட்டின்னு. எங்க அவ?"

எங்க அவ? ம்... அதுதான யாருக்கும் தெரியல.

"பட்டூ!"ன்னு அம்மா வீடு பூராத் தேடுனாங்க. இல்ல. "பட்டூ!"ன்னு சித்தி ரோட்டுப் பக்கம் ஓடுனாங்க. இல்ல. அப்பா நேரா கெணத்துக்கு ஓடுனாரு. குனிஞ்சு பாத்தாரு. தண்ணி அசையாமக் கெடந்துச்சு. அதுலயும் இல்லன்னு அப்பா அங்கனயே உக்காந்துட்டாரு.

வஞ்சிக்கு ஒரே நெனப்பு. நான்தான போகச் சொன்னேன், நான்தான போகச் சொன்னேன். பேரு சொல்லிக் கூப்புட்டா வர மாட்டா, அவ கோவமா இருக்கா. ஆனா ஆட்டுக்குட்டின்னா? மாட்டுத்தொழுவம் பக்கம் போயி நின்னா.

"ம்மே!"

மே...ன்னு கட்டுத்தறியில நிசமான ஆடு கத்துச்சு. அது இல்ல.

"ம்மேஏ!"

படபடன்னு ஒரு புறா பறந்துச்சு. அதுவும் இல்ல.

 வஞ்சிக்குக் கண்ணீரு வழியுது. மூணாவது தடவை மெதுவா, கெஞ்சுற மாதிரி, "ம்மே..."

அப்போ வைக்கோல் போருக்குள்ள இருந்து, பஞ்சு மாதிரி ஒரு சத்தம். "...ம்மே."

ஆடு தின்னு தின்னு அந்தப் போர்ல ஒரு பொந்து விழுந்திருந்துச்சு. வஞ்சி தலைய விட்டா, சரசரன்னு உள்ள தவழ்ந்தா. உள்ள கதகதன்னு இருக்கு, வெயில் வாசம் அடிக்குது. அங்க பட்டு சுருண்டு படுத்திருக்கா, பாதித் தூக்கத்துல.

"நான் எத்தன தடவ கத்துனேன். நீ வரவே இல்ல"ன்னா.

"எனக்குக் கேக்கல பட்டு. நான் போன்னு சொன்னது தப்பு."

பட்டு கண்ணத் தேச்சா. "அப்ப நம்ம ஜெயிச்சுட்டமா?"

"கடைசியா வந்தோம்டி."

"பரவால்ல"ன்னு கொட்டாவி விட்டா பட்டு. நகந்து படுத்து எடம் குடுத்தா.

வஞ்சி வெளிய தலைய நீட்டி, "அப்பா, இங்க இருக்கா!"ன்னு ஒரே ஒரு குரல் குடுத்தா. அப்பா ஓடி வந்தாரு, கைய உள்ள விட்டு ரெண்டு பேரு தலையையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அம்மா பொறந்த நாள் கேக்க எடுத்துக்கிட்டு வந்தாங்க. பாத்தா, ரெண்டும் கண்ண மூடிருச்சு. "எழுப்பாதீங்க"ன்னாரு அப்பா. வந்த பிள்ளைங்க எல்லாம் உஷ்... உஷ்ன்னு, போரச் சுத்தி வைக்கோல் மேல சாஞ்சுக்கிட்டாங்க. பசு சாஞ்சுச்சு, வாத்து சாஞ்சுச்சு, சேவலு கூட வாய மூடிக்கிச்சு. தென்னங்கீத்து ஆடுது, ஆடுது, மெதுவா ஆடுது.

ம் சத்தத்தக் காணோமே? சரி சரி. கதை படுத்துக்கிச்சு, நீயும் படுத்துக்கோ கண்ணு.