ஒரே ஆம்பில் இரண்டு ஒயர்

பொன்மலையில் பெலிசிட்டா மிஸ்ஸிடம் கிட்டார் கற்றவர்களில் மூத்த சீடர் ரெஜிஸ். மூத்தவர் என்றால் வயதில். மெல்லிசை மேடைகளிலேயே தலை நரைத்தவர். மிஸ் பிறந்தபோது ரெஜிஸ் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு சந்தேகம் என்றால் மிஸ்ஸிடம்தான் ஓடி வருவார். மிஸ்ஸின் காதின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரெஜிஸுக்கு நன்றாகவே ஆடத் தெரியும். அவருக்கும் கூடம் கோணலாகத்தான் பட்டது. நினைத்த நாதம், அவர் சொல்லும் ‘டோன்’, வரவில்லை என்று கிட்டாரை மாற்றினார், கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றினார், வால்வு போட்ட ஒலிபெருக்கி ஆம்ப் வாங்கி அதையும் விற்றார். வீட்டில் பீரோ வைக்க இடமில்லை, ஆம்ப் வைக்க மட்டும் எப்படியோ இடம் பிறந்தது.

அன்று வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“மிஸ், நீங்களே சொல்லிடுங்க. எந்தக் கிட்டார், எந்த ஆம்பு? இந்தத் தடவையும் டோன் வரலன்னா நான் இனிமே வாசிக்கிறதா இல்ல. கச்சேரிக்கெல்லாம் வரலன்னு சொல்லிட்டேன்.”

“எந்த டோன்ண்ணே?”

ரெஜிஸ் போனைத் தட்டினார். அவரது இளவயதில் மாதா கோயில் ஹாலில் நடந்த ஒத்திகை. அன்று யாரோ கேசட்டில் பிடித்தது, இப்போது போனில் ஏற்றி வைத்திருந்தார். கரகரப்புக்கு நடுவே ஒரு கிட்டார் அவசரமில்லாமல், உருண்டு திரண்டு கேட்டது. கேட்கக் கேட்க ரெஜிஸுக்குக் கண் கலங்கியது.

“யாரு வாசிக்கிறது?”

“நான்தான். அது மட்டமான கிட்டார் மிஸ். அதே மாதிரி ஒண்ணத் தேடிப் புடிச்சு வாங்கிட்டேன். அப்பவும் வரல.”

மிஸ் வகுப்புப் பிள்ளைகள் போட்டு அடிக்கும் கிட்டார் ஒன்றை எடுத்து நீட்டினார். வகுப்பு ஆம்பில் அதன் ஒயரைச் செருகினார்.

“அதே பாட்ட வாசிங்க.”

வாசித்தார். முகம் சுளித்தார். “பாத்தீங்களா? காதுல குத்துது.”

மிஸ் கனத்த அடியொலி தரும் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆம்பில் ஒயர் செருக இரண்டு ஓட்டைகள். காலியாக இருந்ததில் பேஸின் ஒயரைச் செருகினார்.

“மறுபடியும்.”

இருவரும் வாசித்தார்கள். பாதிப் பாட்டில் ரெஜிஸின் சுண்டுவிரல் தன் போக்கில் நகர்ந்து கிட்டாரின் வால்யூமைக் குறைத்தது. அது அவருக்கே தெரியவில்லை. குத்தல் அடங்கியது. தேடித் தேடிக் கிடைக்காத அந்த டோன், அந்த ஓட்டைக் கிட்டாரிலிருந்து வந்தது. ரெஜிஸ் பயந்தவர்போல் கையை எடுத்துவிட்டார்.

“ஏண்ணே கொறச்சீங்க?”

“கொறச்சேனா?” ரெஜிஸ் குனிந்து பார்த்தார். “உங்க பேஸு அமுங்குச்சு. ஒரே ஆம்புல நான் ஏத்துனா உங்களுது கேக்காதே.”

“கேசட்ல உங்ககூட பேஸு வாசிக்கிறது யாரு?”

“இன்னாசி.”

அந்தப் பெயரைச் சொல்லி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னார்.

“கோயில்ல இருந்தது ஒரே ஆம்பு. ரெண்டு பேரும் அதுலதான் சொருகுவோம். அப்புறம் எனக்குக் காது வளந்துருச்சு மிஸ். ஒன்னாலதான்டா என் டோன் கலங்குது, ஒயரப் புடுங்குன்னேன். திருவிழாக் கச்சேரி. மேடையிலயே, அத்தன பேர் பாக்க.”

“புடுங்குனாரா?”

“புடுங்கிட்டான். ஒரு வார்த்த பேசல. அப்புறம் ஒத்திகைக்கே வரல. நானும் போய்க் கூப்புடல. டோன் சுத்தமாயிருச்சுன்னு சந்தோஷமா இருந்தேன்.”

“இப்ப எங்க இருக்காரு?”

ரெஜிஸ் கிட்டாரை மெல்லக் கீழே வைத்தார்.

“போன தவக்காலத்துல அடக்கம் பண்ணாங்க. நான் பெங்களூருக்கு ஒரு ஆம்பு பாக்கக் கெளம்பிட்டிருந்தேன். சேதி தெரியும் மிஸ். தெரிஞ்சுதான் போனேன். லேட்டானா வேற யாராவது வாங்கிட்டுப் போயிருவாங்கன்னு.”

சொல்லி முடித்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகை வந்தது. அதை அடக்கவும் அவர் முயலவில்லை. மிஸ் பேஸின் ஒயரைப் பிடுங்காமல் அப்படியே நின்றிருந்தார்.

ரெஜிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மிஸ், அந்தக் கோயில் ஆம்பு... அது மாதிரி ஒண்ணு இப்ப எங்கயாச்சும் கெடைக்குமா?”

“ஆம்பு வேணா கெடைக்கும்ண்ணே” என்றார் மிஸ்.