அத்தை நகர்ந்த பிறகு எடுத்த படம்

செண்பகவல்லி சில வருஷம் ஜப்பானில் இருந்து படம் எடுக்கக் கற்றவள். ஊர் திரும்பி, தென்காசியில் தன் வீட்டு மாடியில் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர்களில் ஒருவர் அற்புதராஜ். சங்கரன்கோவிலில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவளைவிட ரொம்பப் பெரியவர். இருந்தாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அண்ணாச்சி என்பாள்.

ஒரு நாள் வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து நின்றார். கையில் ஒரு கல்யாணப் படம்.

“என்ன அண்ணாச்சி, மூஞ்சி வாடிக் கிடக்கு?”

“திட்டு வாங்கிட்டு வாறேன். நீங்க சொன்ன மாதிரிதான் எடுத்தேன்.”

ஜப்பான்காரர்கள் படத்தில் வெறும் இடம் விடுவார்கள், அதற்கு ‘மா’ என்று பேர், அதையும் பார்க்கப் பழகணும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

“பொண்ணோட அப்பா கேக்காரு, ‘பாதிப் படத்துக்குச் சுவரு நிக்கி. சுவருக்கா வே கல்யாணம்’னு.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“அதோட போகல டீச்சர். பொண்ணுக்கு ஒரு அத்தை, பேச்சியம்மா. தன் பையனுக்குப் பொண்ணு தரலன்னு, தம்பிகிட்ட பேச்சை விட்டவங்க. கல்யாணத்துக்கு எப்படியோ மனசு இறங்கி வந்திருக்காவ. பொண்ணு பக்கத்துல வந்து நின்னாவ.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“வெறும் இடம் வேணும்லா? ‘அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க’ன்னேன்.”

“தள்ளினாங்களா?”

“தள்ளுனாவ. தள்ளினவங்க அப்படியே வாசல் வழியா போயிட்டாவ. பந்தியில கை நனைக்கல. இப்ப அவரு, ‘ஆல்பமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், என் அக்காவைக் கொண்டாந்து விடு’ங்காரு. நான் எங்க டீச்சர் தப்பு பண்ணேன்? படம் நல்லாத்தானே வந்திருக்கு?”

அவள் படத்தை வாங்கினாள். ஓரத்தில் மணப்பெண். மிச்சமெல்லாம் வெள்ளைச் சுவர்.

“நல்லா வந்திருக்கு.”

“அப்படிச் சொல்லுங்க!”

“எடுத்துட்டீங்க. பாத்தீங்களா?”

“பாக்காம எப்படி எடுப்பேன்?”

அவள் சுவர் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள்.

“பொண்ணு எதைப் பாக்கா?”

“கேமராவைப் பாக்கல. அதான் அழகே. சும்மா எங்கேயோ பாக்கா.”

“எங்கேயோவா?”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். பெண்ணின் முகம் செண்பகவல்லியின் கை இருந்த பக்கம் திரும்பியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை மடியைவிட்டுக் கொஞ்சம் எழும்பியிருந்தது.

அவள் மூடியிருந்த கையை எடுத்தாள்.

“அத்தைன்னு கூப்பிடுதா,” என்றார் அற்புதராஜ். குரல் இறங்கிவிட்டது. “மேளச் சத்தத்துல எனக்குக் கேக்கல டீச்சர். அவங்களுக்கும் கேட்டிருக்காது.”

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “இதைக் கிழிச்சுப் போட்டுருதேன்,” என்றார்.

“வேண்டாம். அந்த அம்மா வீடு தெரியுமா?”

“புளியங்குடி. கதவைத் திறக்க மாட்டாவ. திறந்தா செருப்பாலதான் அடிப்பாவ.”

“அடிச்சா வாங்கிக்கோங்க. வாங்கிட்டு, இதைக் கையில குடுங்க.”

“குடுத்து? ‘மா’ன்னா என்னன்னு விளக்கணுமா?”

“அய்யோ, வாயே திறக்காதீங்க.”

“அதெப்படி? வெறும் சுவரைக் கொண்டாந்து நீட்டுதியேன்னு கேட்டா என்ன சொல்ல?”

செண்பகவல்லி படத்தை ஒரு உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. அந்த இடத்துல யாருன்னு அவங்களுக்குத் தெரியும்.”