மேஜர் கயிறு பிடித்த நாள்

மேஜர் நன்மாறனுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்று காலை ஏழு மணிக்கே சிவந்திருந்தது.

படைப்பிரிவின் ஏறுசுவர் ஐம்பது அடி உயரம். மேலே போகப் போக ஏறுபவரின் தலைக்குமேல் கவிந்து நிற்கும். முப்படை வீரர்களும் மோதும் சுவரேற்றப் போட்டிக்கு இன்னும் ஒன்பதே நாள். சுவரடியில் ஹவில்தார் சுடலைமணி உட்கார்ந்து, தன் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பதவியில் அவர் மேஜருக்கு எத்தனையோ படி கீழே. வயதிலும் ஐந்து வருடம் இளையவர். ஆனால் ஏறுவதில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை. அதனால் சுவரடியில் மட்டும் மேஜர் அவரை மாஸ்டர் என்பார். மைதானத்தைத் தாண்டிவிட்டால் பழையபடி ஹவில்தார்தான்.

"மாஸ்டர், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"பதினோரு வருஷமா முடிச்சுப் போடுறேன். இன்னும் எதுக்கு எபனேசர் என் முடிச்சைத் தொட்டுப் பார்க்கணும்?"

சிப்பாய் எபனேசர்தான் மேஜருக்குக் கயிறு பிடிப்பவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏறப் போகிறவர் இரண்டு கைகளையும் விலக்கிக்கொண்டு நிற்பார். கயிறு பிடிப்பவர் குனிந்து, இடுப்பிலிருக்கும் முடிச்சை விரலால் தடவி, இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அதன் பிறகே தரையை விட்டுக் காலைத் தூக்கலாம். எபனேசர் இதை ஒரு நாளும் விட்டதில்லை. முந்தின நாள் கர்னல் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரில் கை வைத்துவிட்ட மேஜரை "சார், நில்லுங்க" என்று நிறுத்தி இழுத்துப் பார்த்துவிட்டார். கர்னல் சிரித்தார். மேஜருக்கு மானம் போயிற்று.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிடாதீங்க. அது யானைக்கு. எனக்கு ஒரு தடவைகூடச் சறுக்கினதில்லை."

மாஸ்டர் கையில் கயிற்றோடு யோசித்தார்.

"அந்த ஆளை ஸ்டோருக்கு அனுப்புங்க. வேற ஆள் குடுங்க. இல்லேன்னா இந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் சொல்லுங்க."

பத்தடி தள்ளி எபனேசர் வேறொரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. இந்த அணியில் இடம் கேட்டு இரண்டு வருடம் மனு மேல் மனுவாகப் போட்டவர் அவர். ஸ்டோருக்குப் போனால் திரும்பி வர முடியாது. தலையை நிமிர்த்தாமல் சுருட்டினார்.

மாஸ்டர் எழுந்தார். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், இன்னைக்கு நீங்க எனக்குக் கயிறு பிடிங்க. ஏறி இறங்கினதும் பதில் சொல்றேன்."

குருமார்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார்கள், எதையாவது செய்து காட்டுவார்கள் என்று மேஜர் படித்திருக்கிறார். மாஸ்டரும் ஏதோ காட்டப் போகிறார் என்று ஆவலோடு கயிற்றைப் பிடித்தார்.

மாஸ்டர் கைகளை விலக்கிக்கொண்டு நின்றார்.

மேஜர் தயங்கினார். மாஸ்டருடைய முடிச்சை நாம் சோதிப்பதா? தவிர, எந்த வழக்கம் வேண்டாம் என்று இப்போதுதான் கத்தினாரோ, அதையே செய்வதா?

"போங்க மாஸ்டர்."

மாஸ்டரின் கைகள் இன்னும் ஒரு நொடி அப்படியே நின்றன. அதிகாரி சொன்ன பிறகு என்ன செய்ய? திரும்பிச் சுவரைத் தொட்டார்.

ஏறினார். வழியிலிருந்த ஒவ்வொரு கொக்கியிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே போனார். மேஜர் கீழிருந்து கயிற்றை விட்டுக் கொடுத்தார். சுவர் கவிந்த இடத்தில் மாஸ்டரின் முதுகு தரையைப் பார்த்தது. கடைசிக் கொக்கியில் கயிற்றை மாட்டிவிட்டு ஒரு கையைத் தொங்கவிட்டு உதறினார்.

"எடுங்க சார்!"

மேஜர் இழுத்தார். கயிறு விறைத்து இடுப்பைப் பிடித்ததும் மேலே இருப்பவர் கையை விட்டுவிடுவார், கீழே இறக்கலாம். ஆனால் கயிறு விறைக்கவில்லை. வாளி அறுந்து போன கிணற்றுக் கயிறு மாதிரி லேசாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு எதிலோ சிக்கி நின்றது.

மேஜர் அண்ணாந்து பார்த்தார்.

கயிற்றின் நுனி மேல் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் எட்டு வடிவில் ஒரே ஒரு முடிச்சு. நுனியை இடுப்பு வளையத்தில் நுழைத்து, அந்த எட்டின் மேலேயே திரும்ப ஓட்டிக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாதியைக் காணோம்; வளையத்தில் வெறுமனே நுழைத்திருந்த நுனி உருவிக்கொண்டு வந்துவிட்டது. மாஸ்டரின் இடுப்பில் ஒன்றுமே இல்லை.

மாஸ்டரும் அதைப் பார்த்துவிட்டார். தொங்கிய கை பாய்ந்து கொக்கியின் பட்டையைப் பற்றியது.

எல்லையில் குண்டு விழுந்தபோது ஓடிப் போய் ஆளைத் தூக்கியவர் மேஜர். இப்போது அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மறுமுனையில் யாரும் இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுவருக்குப் பின்னால் இரும்புப் படிகள் தடதடவென்று அதிர்ந்தன. சுருட்டிய கயிற்றோடு எபனேசர் ஏறிக்கொண்டிருந்தார். உச்சியிலிருந்த இரும்புக் கம்பியில் கயிற்றைச் சுற்றிவிட்டு, குப்புறப் படுத்துத் தலையை நீட்டினார்.

"மாஸ்டர், கீழே பார்க்காதீங்க. கயிறு இறக்குறேன். நுனியில கொக்கி இருக்கு."

கயிறு இறங்கியது. மாஸ்டர் ஒரு கையை விட்டு எட்டினார். தவறியது. அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. மேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் மறுபடி எட்டினார். இடுப்பு வளையத்தில் கொக்கி 'க்ளிக்' என்று விழுந்தது.

"விடட்டுமா?"

"நில்லுங்க மாஸ்டர்." எபனேசர் மேலிருந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "இப்ப விடுங்க."

எபனேசர் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டுக் கொடுத்து இறக்க, தரையில் கால் பட்டதும் மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேஜரும் பக்கத்தில் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எபனேசர் எங்கேயும் போக வேண்டாம் மாஸ்டர். எனக்குப் புரிஞ்சிடுச்சு."

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாடத்தைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா, உயிரைப் பணயம் வெச்சா சொல்லித் தருவாங்க? வாயால சொன்னா கேட்டிருக்கமாட்டேனா?"

மாஸ்டர் மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பாடமா?"

"ஆமா. வேணும்னேதானே முடிச்சைப் பாதியில விட்டீங்க?"

"இல்ல சார். நீங்க கேட்டதும் யோசனை வந்துடுச்சு, கை நின்னுபோச்சு. அப்புறம் மறந்தே போயிட்டேன்."

மேஜருக்கு எதையாவது கேட்டே ஆகவேண்டும்போல் இருந்தது.

"அப்போ, இறங்கி வந்து சொல்றேன்னீங்களே, அந்தப் பதில்?"

எபனேசர் தோளில் கயிற்றோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். மாஸ்டர் அவரையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க சொல்றதுதான் சரி, அவரை ஸ்டோருக்கு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் சார் ஏறினேன்."