மின்விசிறி முடித்துவைத்த வேலைகள்

கோவில்பட்டியில், ஒரு செருப்புக் கடையின் மாடியில், நான்கு பேர் சேர்ந்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று நடத்திவந்தார்கள். நால்வரும் நல்லவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான்.

தலைவர் தவசிலிங்கம். மற்றவர்களுக்கு அவர் அண்ணாச்சி. ஆரோக்கியம் புரோகிராம் எழுதுவான். ஹபீப் அதைச் சோதித்துப் பார்ப்பான். கம்ப்யூட்டர் திரை எப்படி இருக்கவேண்டும் என்று பூங்கோதை வரைவாள். நால்வரில் அவள்தான் புத்திசாலி என்று மற்ற மூவரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

அவர்களுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர். பெயர் ஆவுடையம்மாள். சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். போன தை மாதம் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் இரண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். பதிவு நோட்டில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதால் வந்த வினை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அந்த மண்டபத்துப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஆகவே, ஒரே நாளுக்கு இரண்டு கல்யாணத்தை ஏற்காத ஒரு சாஃப்ட்வேர் அவருக்கு வேண்டும். தை மாதத்துக்கான பதிவு கார்த்திகை முதல் தேதி தொடங்குகிறது. அதற்குள் வேண்டும்.

"அன்னைக்குக் காலையில ஓடலைன்னா மதுரைக்காரங்ககிட்ட குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை போனால் கம்பெனியை மூடவேண்டியதுதான். அது நால்வருக்கும் தெரியும்.

அதனால் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் ஒரு நாள் முழுக்க, பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் வேலைசெய்யும் அஜைல் முறையைச் சொல்லிக்கொடுத்தார். தினமும் பத்து மணிக்கு, பதினைந்து நிமிடம், நின்றபடி கூடுங்கள். நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, இருக்கும் தடை, மூன்றையும் ஒவ்வொருவரும் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். பலகையில் 'செய்ய வேண்டியது', 'செய்துகொண்டிருப்பது', 'முடிந்தது' என்று மூன்று கட்டம் இருக்கட்டும். பலகையில் இருப்பதுதான் உண்மை. தப்பு நடந்தால் எந்த மனிதரையும் குறை சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும், எது நன்றாக இருந்தது, அடுத்த தடவை எதை மாற்றலாம் என்று கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு சாயங்கால ரயிலில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நடந்த முதல் கூட்டம் நாலு நிமிடத்தில் முடிந்தது. மீதிப் பதினொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"நேத்து முதல் திரையை எழுதினேன். இன்னைக்கு ரெண்டாவது. தடை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்று ஆரோக்கியம் சொல்லியிருந்தான்.

"மூணும் சொல்லணும்னாரே. நீ ரெண்டுதான சொல்லியிருக்கே" என்றார் தவசிலிங்கம்.

ஆரோக்கியத்துக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அடுத்த நாள் சீக்கிரம் வந்து, ஒரு மரப் பெஞ்சை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டான். கூட்டத்தில், "தடை இருக்கு அண்ணாச்சி. வாசல்ல பெஞ்சு கெடக்கு" என்றான். தவசிலிங்கம் மனநிறைவோடு குறித்துக்கொண்டார்.

"அப்ப பெஞ்சை எடுத்துரலாமா?" என்று ஹபீப் கேட்டான்.

"எடுத்துட்டா நாளைக்கு அவன் என்னத்தைச் சொல்லுவான்?" என்றாள் பூங்கோதை.

அன்றிலிருந்து எல்லோரும் பெஞ்சைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

ஒரு நாள் கூட்டத்தின் நடுவில், பத்து மணி ஏழு நிமிடத்தில், சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. நால்வரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க ஆவுடையம்மாள் பெஞ்சைத் தாண்டி உள்ளே வந்தார். தலையைக்கூடத் திருப்பாமல் நிற்கும் நால்வரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும் பெரிய மனுஷங்க தவறிட்டாங்களா?"

"இல்லம்மா, கூட்டம் நடக்கு. இன்னும் எட்டு நிமிஷம்தான்" என்றார் தவசிலிங்கம். அவருடைய கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

ஆவுடையம்மாள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால். கீழே போய் ஒரு பேட்டரி வாங்கிவந்து கடிகாரத்தில் போட்டார். சரியாக எட்டு நிமிடம் கழித்து நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"எம்புட்டு விவரமான அம்மா" என்றான் ஹபீப்.

ஐப்பசிக் கடைசியில்தான் பெரிய விஷயம் நடந்தது. சுவரில் ஆணி இறங்காததால் பலகையை மேசைமேல் படுக்கவைத்திருந்தார்கள். 'பசை வாங்குவது' என்ற சீட்டு இன்னும் 'செய்ய வேண்டியது' கட்டத்திலேயே இருந்ததால், எந்தச் சீட்டையும் ஒட்டவில்லை, சும்மா வைத்திருந்தார்கள். போயிருந்த கரண்டு அன்று திடீரென்று வந்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. சீட்டுகளெல்லாம் எழும்பிப் பறந்து, கண்ட கண்ட கட்டத்தில் விழுந்தன.

"எது எங்கன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் ஹபீப்.

"ஞாபகத்தை நம்புங்கன்னு அவர் சொல்லலியே. பலகையைத்தான நம்பச் சொன்னாரு" என்றாள் பூங்கோதை.

நால்வரும் பலகைமேல் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஆரோக்கியம் எழுதி முடித்திருந்த முதல் திரை, 'செய்ய வேண்டியது' கட்டத்தில் கிடந்தது.

"இதை நான் முடிச்சிட்டேனே அண்ணாச்சி."

"நீ முடிச்சது பலகைக்குத் தெரியலையேப்பா."

பலகையைப் பொய்யாக்கக் கூடாதே என்று, ஆரோக்கியம் கனத்த மனசோடு அந்தத் திரையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான். ஆனால் ஒரு நல்ல சேதியும் இருந்தது. யாரும் தொட்டே பார்க்காத 'ஒரே நாளில் இரண்டு கல்யாணம் கூடாது' என்ற சீட்டு, 'முடிந்தது' கட்டத்தில் போய் விழுந்திருந்தது. நால்வரும் கைதட்டினார்கள்.

"நம்மள்ல யாரு இதை முடிச்சது?" என்று ஹபீப் கேட்டான்.

"யாரா இருந்தா என்ன? நாம எல்லாரும் ஒரே குழு" என்றார் தவசிலிங்கம்.

கார்த்திகைக்கு முந்தின நாள் ஆவுடையம்மாள் வந்து உட்கார்ந்து, சோதனைக்காகத் தை பதினாலாம் தேதிக்கு ஒரு கல்யாணத்தைப் பதிந்தார். அதே தேதிக்கு இன்னொன்றையும் பதிந்தார். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் வாழ்த்துச் சொன்னது.

"இது எதுக்கு ரெண்டையும் வாங்குது?"

"வாங்காதும்மா. அந்த வேலை முடிஞ்சிட்டு" என்று ஹபீப் பலகையைக் காட்டினான்.

"என் கண்ணு முன்னாலயே வாங்கிட்டேப்பா. விடிஞ்சா பதிவு. நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டதும் நால்வருக்கும் சங்கடமாகிவிட்டது. தப்பு நடந்திருக்கிறது, ஆனால் மனிதரைக் குறை சொல்லக் கூடாது. நால்வரும் மெதுவாக மேலே பார்த்தார்கள். மின்விசிறி மனிதர் இல்லை. தவசிலிங்கம் அதைப் பார்த்து மூன்று தடவை விளக்கம் கேட்டார். 'பதில் இல்லை' என்று பூங்கோதை எழுதிக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் பலகையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ஒரே நாளில் இரண்டு கல்யாணம் கூடாது' சீட்டை ஒரே விரலால் 'முடிந்தது' கட்டத்திலிருந்து 'செய்ய வேண்டியது' கட்டத்துக்குத் தள்ளினார்.

"அடடா, இது இன்னும் செய்யலையா" என்று ஆரோக்கியம் உட்கார்ந்தான். நாலே வரி. சாயங்கால டீ வருவதற்குள் முடித்துவிட்டான். அதன் பிறகு ஆவுடையம்மாள் சோதனைக்குப் பதிந்த இரண்டு கல்யாணத்தையும் அழிக்கச் சொல்லி, விசிறியை அணைத்துவிட்டு, பலகைமேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டும்வரை அங்கேயே இருந்தார்.

கார்த்திகை முதல் தேதி. நால்வரும் பலகையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், அங்கேயும் மேசைமேல் படுக்கவைத்தார்கள். சாத்தூர்க்காரர் ஒருவர் முதலில் வந்து தை பதினாலைப் பதிந்தார். அடுத்து எட்டயபுரத்திலிருந்து வந்த பொன்னுராஜும் தன் மகளுக்கு அதே தேதியைக் கேட்டார். கம்ப்யூட்டர் முடியாது என்று சொல்லிவிட்டது. ஆவுடையம்மாளுக்குப் பத்து மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நால்வருக்கும் காப்பி சொல்ல உள்ளே போனார். அங்கேதான் அவர் கொஞ்சம் அசந்துவிட்டார்.

"வேற வழியே இல்லையா தம்பி?" என்று பொன்னுராஜ் கேட்டார்.

"ஒரு சீட்டு எழுதிப் பாப்போம்யா" என்றார் தவசிலிங்கம்.

'பொன்னுராஜ் ஐயா மகள் கல்யாணம்' என்று எழுதி, 'செய்ய வேண்டியது' கட்டத்தில் வைத்தார்கள். அவரைப் பதினைந்து நிமிடம் நிற்கச் சொன்னார்கள். நின்றார். அவருக்கு வியர்ப்பதைப் பார்த்து ஹபீப் விசிறியைப் போட்டான். சீட்டு எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, 'முடிந்தது' கட்டத்தில் விழுந்தது.

நால்வரும் குனிந்து பார்த்தார்கள். தவசிலிங்கம் பொன்னுராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிட்டு."

"முடிஞ்சிட்டா?"

"நீங்களே பாருங்க."

பொன்னுராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்படித்தான் இருந்தது. பூங்கோதை நோட்டைப் பிரித்தாள்.

"கல்யாணத்துல எது நல்லா இருந்துச்சு? அடுத்த தடவை எதை மாத்தலாம்?"

பொன்னுராஜ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. ரசத்துலதான் உப்பு ஒரு கல்லு கம்மி."