கரடி அண்ணாச்சியின் குறையில்லாத கிட்டங்கி

மலையடிவாரத்துக் குகை ஒன்றில் பதினைந்து விலங்குகள் சேர்ந்து ஒரு கிட்டங்கி நடத்தி வந்தார்கள். கோடையில் கிடைப்பதை எல்லாம் காயவைத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இலந்தை வற்றல், நெல்லி வற்றல், இலுப்பைப்பூ, மூங்கிலரிசி, சுரைக்குடுக்கைகளில் தேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போது எல்லாருக்கும் கிட்டங்கிதான் சோறு போட வேண்டும்.

அதற்குத் தலைவர் கரடி கருத்தமுத்து அண்ணாச்சி. நல்ல மனசுக்காரர். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் பங்குத் தேனை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். உடம்புதான் கொஞ்சம் பெரிது. அவர் உள்ளே நுழைந்தால் அடுக்கு எல்லாம் சரிந்துவிடும் என்பதால் வாசலிலேயே உட்கார்ந்து நிர்வாகம் செய்வார். உள்ளே நடப்பது அவருக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

தொடக்கத்தில் எல்லாரும் ஓயாமல் குறை சொன்னார்கள். அது சரியில்லை, இது சரியில்லை என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சிக்குத் தலை வலித்தது. யோசித்து யோசித்து ஒரு சட்டம் போட்டார்.

"கண்டவரே கவனிக்கணும். குறையை யார் சொல்லுதாகளோ, அவுகளே அதைச் சரி பண்ணணும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முள்ளம்பன்றி வேலம்மா, வாசல் கல் ஆடுகிறது என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து வாசல் கல் அவள் பொறுப்பு. இரண்டு வருஷமாகத் தன் வேலையோடு சேர்த்து அந்தக் கல்லையும் தினம் முட்டி முட்டி நிமிர்த்துகிறாள். கருமந்தி சிங்காரம், தேனில் எறும்பு வருகிறது என்றான். அவன் எறும்பு இலாகா ஆகிவிட்டான். கடி வாங்கி வாங்கி அவன் வால் பாதி தடித்துப்போனது.

அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கும்.

"ஏதாவது குறை உண்டா?" என்பார் அண்ணாச்சி.

"ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி" என்பார்கள் எல்லாரும், ஒரே குரலில்.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிடும். தன் கிட்டங்கி அவ்வளவு நன்றாக நடக்கிறது என்று பாவம், உண்மையாகவே நம்பினார்.

ஆடி மாதச் சாரலின்போது, வற்றல் புரட்டும் வேலை பார்க்கும் சருகுமான் செவந்தி ஒன்றைக் கண்டாள். வடக்கு மூலையில், கூரைப் பாறையின் வெடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே நிற்கும் அத்திமரத்தின் வேர் பாறையைப் பிளந்திருந்தது. இடையில் இருந்த மண் ஊறிப்போய் உதிர்ந்துகொண்டிருந்தது. சாரலுக்கே இப்படி என்றால் ஐப்பசி மழைக்கு அந்த வெடிப்பு வாய்க்காலாகிவிடும். தரையில் தண்ணீர் நின்றால் இருக்கிற அத்தனை வற்றலும் அழுகிப்போகும்.

செவந்தி அண்ணாச்சியிடம் சொல்லக் கிளம்பினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அவள் வயிற்றில் குட்டி இருந்தது. சொன்னால் அவள்தான் பாறை உச்சிக்குப் புற்றுமண் சுமந்து வெடிப்பை அடைக்க வேண்டும். குச்சி போன்ற காலை வைத்துக்கொண்டு, இந்த வயிற்றோடு, அந்த வழுக்குப் பாறையில் ஏறினால் குட்டிக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் மழையில் தீனி இருக்காது. பால் வற்றும். குட்டி பிழைக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குட்டிதான் முன்னால் வந்து நின்றது. அவள் பேசாமல் வற்றல் புரட்டப் போய்விட்டாள்.

புரட்டாசி கடைசியில் கமலவேணி என்ற நாரை அங்கே வந்து இறங்கினாள். ஊர் ஊராகப் போய்க் கிட்டங்கிகளை ஆராய்ச்சி செய்பவள். எது மழைக்குத் தாங்குகிறது, எது தாங்கவில்லை, ஏன் என்று கேட்டு எழுதுவாள். ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்த விஷயத்தில் ஒற்றைக்காலில் நிற்பார்கள். நாரைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

"குறையே இல்லாத கிட்டங்கின்னு கேள்விப்பட்டேன். நான் பார்த்த இடத்திலெல்லாம் ஏதாவது ஒண்ணு இருந்தது. இங்க மட்டும் எப்படி?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி வெட்கத்தோடு நெஞ்சைச் சொறிந்துகொண்டார். "எல்லாம் நம்ம பிள்ளைகளோட ஒத்துழைப்புதான். உள்ள போயி யாருட்ட வேணும்னாலும் கேளுங்க."

கமலவேணி இரண்டு நாள் கேட்டாள். எல்லாரும் அவளை உட்காரவைத்து இலந்தை வற்றல் கொடுத்தார்கள். இங்கே என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றார்கள். பதினான்கு பேரும் அதையே சொன்னார்கள்.

வயிறு நிறைந்ததே தவிர, நாரைக்கு மனசு நிறையவில்லை. கிட்டங்கியில் கால் வைக்க இடமில்லாமல் கூரை வரைக்கும் வற்றல் அடுக்கியிருந்தது. வடக்கு மூலை மட்டும் காலியாகக் கிடந்தது. தேன் எடுக்கப் போகிறவர்கள் கூட அந்த மூலையை விட்டு ஒதுங்கி வளைந்து போனார்கள்.

"அந்த மூலை ஏன் காலியா இருக்கு?"

"அது சாமிக்கு விட்டது" என்றான் சிங்காரம்.

"காத்தோட்டத்துக்குல்லா" என்றாள் வேலம்மா.

வேறொருவர், உட்கார்ந்து இளைப்பாறுவதற்கு என்றார். அங்கே ஒருவரும் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை.

மறுநாள் கமலவேணி கேள்வியை மாற்றினாள். "உங்களுக்கு என்ன கவலைன்னு நான் கேக்கவே இல்லை. கூட வேலை பார்க்கிறவங்க எதை நினைச்சுக் கவலைப்படுவாங்க? அதைச் சொன்னா போதும். யார் சொன்னதுன்னு நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

சிங்காரம் சுற்றுமுற்றும் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல. வேலம்மா மதினிதான் பாவம், அந்த வடக்கு மூலை ஒழுகுதேன்னு மருகிக்கிட்டே இருப்பாக."

வேலம்மா சொன்னாள். "எனக்கு என்ன கவலை? சிங்காரத்துக்குத்தான். அந்த வெடிப்பைப் பாத்தா அவனுக்குத் தூக்கமே வராது."

இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவர் கவலையை மனம் உருகிச் சொன்னார்கள். தன் கவலையைத் தன் கவலை என்றே சொன்னவள் செவந்தி ஒருத்திதான்.

"அக்கா, நான்தான் மொதல்ல பாத்தேன். இந்த வயித்தை வச்சிக்கிட்டு நான் எப்படிப் பாறை ஏறுவேன்? மழை வந்துட்டா என் பிள்ளைக்குப் பாலுக்கு எங்க போவேன்?" என்று சொல்லி அழுதுவிட்டாள். நாரைக்கும் கண் கலங்கியது. ஆராய்ச்சிக்காரி அழக்கூடாது என்பதால் தண்ணீர் குடிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் மாதக் கூட்டம். கிழக்கே கருமேகம் திரண்டு நின்றது. மழைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.

"ஏதாவது குறை உண்டா?"

"ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி."

"பாத்தீகளா?" என்று நாரையின் பக்கம் பெருமையாகத் திரும்பினார் அண்ணாச்சி. "உங்க ஆராய்ச்சி என்ன சொல்லுது?"

"கிட்டங்கியோட கூரை வடக்கு மூலையில பிளந்திருக்கு. இந்த மழைக்குத் தாங்காது. இது பதினாலு பேருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அண்ணாச்சிக்குப் பழக்கம் விடவில்லை. "நீங்களா கண்டீக? அப்போ நீங்களே கவனிச்சிருங்க" என்றார்.

"எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அலகு. இதை வச்சுப் பாறையை அடைக்கிறதுக்குள்ள அடுத்த வருஷ மழையும் வந்துடும்."

அண்ணாச்சிக்குக் கோபம் ஏறியது. அதைவிட வருத்தம் அதிகம். "என் பிள்ளைக எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாக. யார் சொன்னது? பேரைச் சொல்லுங்க."

"பேர் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்போ இது பொய்யி. நீங்க கிளம்பலாம்."

கமலவேணி சிறகை விரித்தாள். சிங்காரம் தரையைப் பார்த்தான். வேலம்மா வாசல் கல்லைப் பார்த்தாள். செவந்தி நாரையைப் பார்த்தாள். அவள் போய்விட்டால் இனி இதைச் சொல்ல ஒரு வாய் கிடையாது. வயிற்றுக்குள் குட்டி ஒருமுறை உதைத்தது. செவந்தி மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"நிசம்தான் அண்ணாச்சி. ஆடியிலேயே பாத்துட்டேன்."

"கண்டவரே…" என்று அண்ணாச்சியின் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. அதற்குள் அவர் கண் அவள் வயிற்றில் விழுந்தது. அந்த மெலிந்த கால்களையும் பார்த்தார். சட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி செவந்தி, இத்தனை நாளா எங்கிட்ட ஏன் தாயி சொல்லல?"

"சொன்னா நான்தானே அடைக்கணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் கூட நிமிரவில்லை. சிங்காரத்தின் தடித்த வால் அவர் கண்ணில் பட்டது. அவன் வால் அப்படி ஆனதை அவர் அன்றுதான் கவனித்தார். தான் போட்ட சட்டம்தான் இத்தனை வாயையும் பூட்டி வைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அவர் எழுந்து உள்ளே நுழைந்தார். அடுக்குகள் சரிந்தன. அதை அவர் பொருட்படுத்தவில்லை. வடக்கு மூலையில் கையை வைத்ததும் ஈரமண் கொத்தாகப் பெயர்ந்து விழுந்தது.

வெளியே வந்தவர் முதல் கூடை புற்றுமண்ணைத் தன் தோளில் ஏற்றினார். "செவந்தி நிழல்ல உக்காரட்டும். மத்தவுகள்ல யாருக்குத் தெம்பு இருக்கோ, எங்கூட வாங்க."

எல்லாரும் போனார்கள். வேலம்மா வேரைக் கடித்து அறுத்தாள். சிங்காரம் கல் எடுத்துக் கொடுத்தான். அண்ணாச்சி மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினார். அந்தப் பெரிய உடம்பு இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று அவருக்கே அதுவரை தெரியாது. ஒருத்தி தலையில் விழுந்திருந்தால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும் வேலை, ஒன்றரை நாளில் முடிந்தது.

மூன்றாம் நாள் மழை இறங்கியது. ஆடியிலிருந்தே தரையில் கசிந்த தண்ணீரில் அடியில் இருந்த இலுப்பைப்பூ ஊறிக் கெட்டிருந்ததால், கார்த்திகைக் கடைசியில் எல்லாரும் அரைவயிறுதான் சாப்பிட்டார்கள். பெரிய வயிற்றுக்காரரான அண்ணாச்சிக்கு அது மிகவும் கஷ்டம். ஆனால் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. காய்ந்த தரையில், மூங்கில் இலைப் படுக்கையில் செவந்தி ஒரு பெண்குட்டி ஈன்றாள்.

மழை விட்டதும் கூடிய கூட்டத்தில், குறையைக் கண்டவர் சொன்னால் போதும், முடிந்தவர்கள் சேர்ந்து சரிசெய்வோம் என்றார் அண்ணாச்சி. நம்பலாமா என்று எல்லாரும் சற்று நேரம் யோசித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இருபத்தேழு குறை சொன்னார்கள். அதில் இருபத்தாறாவது, அண்ணாச்சியின் குறட்டை. அத்தனையையும் அவர் வாசலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

குறையைச் சொன்னவர் தலையிலேயே அதைக் கட்டிவிடும் இடத்தில் குறை ஒருநாளும் தீராது. சொல்கிற வாய்தான் மூடிக்கொள்ளும்.