சடையனும் சீனித்துளசியும்

சடையன் என்ற கரடிக்குத் தேன் என்றால் உயிர். அந்த மலைக்காட்டில் எந்த மரப்பொந்தில் தேனடை இருக்கிறது, எந்தப் பாறையில் புதிதாகக் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காலையில் ஓர் அடை, மாலையில் ஓர் அடை. இடையில் வாய் சும்மா இருந்தால் இன்னொன்று.

ஒருநாள் அவன் முன்னங்காலில் மூங்கில் முள் குத்தியது. சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டான். மாதம் ஒன்றாகியும் ஆறவில்லை, சீழ் வைத்துவிட்டது. கறையான் புற்றைத் தோண்ட முடியவில்லை. தனக்கும், கணவனுக்கும், முதுகில் தொற்றியிருக்கும் குட்டிக்கும் சேர்த்து மனைவி பிறையாளே இரை தேடினாள்.

கடைசியில் அவள் போய் எறும்புத்தின்னி செதிலானைக் கூட்டிவந்தாள். காட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் செதிலானைத்தான் கூப்பிடுவார்கள். செதிலான் புண்ணை முகர்ந்து பார்த்தான். பிறகு சடையன் சிறுநீர் கழிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னான். அங்கே எறும்புகள் மொய்த்துக் கிடந்தன.

"சடையா, உன் உடம்பே தேனடை ஆகிவிட்டது. தேனை விட்டால் புண் ஆறும். விடாவிட்டால் கால் போகும்" என்றான் செதிலான்.

சடையனுக்குத் திக்கென்றது. ஆனாலும் இனிப்பு இல்லாமல் நாளை எப்படி ஓட்டுவது என்றுதான் முதலில் புலம்பினான். செதிலான் கொஞ்சம் யோசித்தான். ஓடைக்கு அப்பால் முள்ளம்பன்றியின் வளைக்குப் பக்கத்தில் சீனித்துளசி என்றொரு செடி இருப்பதாகவும், அதன் இலை தேனைப்போல் இனிக்கும் என்றும் சொன்னான். அது புண்ணுக்கு மருந்தில்லை, நாக்குக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

பிறையாள் அரைநாள் நடந்து போய் நான்கு தண்டுகளை வாயில் கவ்வி வந்தாள். குகை வாசலில், தண்ணீர் தேங்காத சரிவாகப் பார்த்து நட்டாள். தினமும் சுனையிலிருந்து வாயில் நீர் ஏந்தி வந்து ஊற்றினாள். இரண்டு அழுகிப்போயின, இரண்டு வேர் பிடித்தன. பூத்துவிட்டால் இலையில் ருசி குறையும் என்று முள்ளம்பன்றி சொல்லியிருந்ததால், மொட்டு தெரிந்த உடனே கிள்ளிப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் செடி தழைத்தது. பாறைக்குழியில் இருந்த தண்ணீரில் நாலைந்து இலைகளைக் கசக்கிப் போட்டாள். அதுவரை தேனை விடாதிருந்த சடையன் நக்கிப் பார்த்தான். உண்மையிலேயே இனித்தது. தேனை விட்டுவிட்டதாகக் குரங்குகளிடமும் மான்களிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முதல் பத்து நாள் விட்டிருந்தான், அது உண்மை. பதினோராம் நாள் ஒரு நினைப்பு வந்தது. 'இத்தனை நாள் இலைத்தண்ணீர் குடித்திருக்கிறேன். கொஞ்சம் தேன் என்ன செய்துவிடும்?' கொஞ்சம் தின்றான். மனம் உறுத்தியது, வீட்டுக்கு வந்து இலைத்தண்ணீர் இரண்டு வாய் கூடுதலாகக் குடித்தான். உறுத்தல் அடங்கிவிட்டது. அப்புறம் தினமும் அதுவே வழக்கமாயிற்று. நடுவில் தேன், முன்னும் பின்னும் இலைத்தண்ணீர்.

புண் இன்னும் பெரிதானது. செடி சரியில்லை, செதிலானுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சடையன் குறை சொன்னான்.

ஒரு மதியம் அவன் மூக்கு வீங்கி வந்து நின்றான். தேனீக்கள் பதம் பார்த்திருந்தன. மார்பு மயிரில் தேன்மெழுகு ஒட்டியிருந்தது. பிறையாள் அந்த மெழுகைப் பிய்த்து எடுத்தாள்.

"கொஞ்சம்தான் தின்றேன். அதுதான் இலைத்தண்ணீர் குடிக்கிறேனே" என்றான் சடையன்.

"தேனுக்குப் பதிலாகக் குடிக்கத்தான் அதை வளர்த்தேன். தேனும் தின்று அதையும் குடிக்க இல்லை" என்றாள் பிறையாள். "இனி நான் தண்ணீர் சுமக்கமாட்டேன். வேண்டுமென்றால் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்."

மூன்று நாளில் செடி வாடித் தலை சாய்த்தது. போனால் போகட்டும், தேன் இருக்கிறது என்று சடையன் பாறைப்பக்கம் கிளம்பினான். பாதி வழி ஏறும்போது புண்கால் தாங்கவில்லை. சறுக்கி விழுந்து, எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்தான்.

எதிர்ச் சரிவில் பிறையாள் புற்றை இடித்துக்கொண்டிருந்தாள். நான்கு முறை தோண்டுவாள். பிறகு மூச்சு வாங்க நிற்பாள். கிடைத்ததைக் குட்டிக்குக் கொடுத்தாள். மிச்சத்தைத் தேக்கிலையில் மடித்து ஓரமாக வைத்தாள். அது தனக்கு என்று சடையனுக்குத் தெரிந்தது. அவள் தனக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை. விலா எலும்பு எண்ணும் அளவுக்கு அவள் இளைத்திருப்பதை அன்றுதான் அவன் பார்த்தான்.

மெல்ல எழுந்து, நொண்டியபடி சுனைக்குப் போனான். வாய் நிறைய நீர் எடுத்தான். வழியிலேயே பாதி ஒழுகிப்போனது. ஏழு நடை நடந்த பிறகுதான் செடியடி மண் நனைந்தது.

மறுநாளும் போனான். மதியமானால் தேன் ஆசை வந்து படுத்தும். அப்போது இலைத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குகைக்குள் படுத்துக்கிடப்பான். சில நாள் கோபம் வந்தது. சில நாள் அழுகை வந்தது. பாறைப்பக்கம் மட்டும் போகவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் புண் வற்றி, மேலே புதுத் தோல் மூடியது. புண்ணில் உதிர்ந்த ஒரு நகம் மட்டும் திரும்ப முளைக்கவே இல்லை. இருந்தாலும் சடையன் பிறையாளோடு சேர்ந்து புற்றைத் தோண்டினான். காற்றில் தேன் வாசம் வந்தால் இப்போதும் ஒரு நிமிடம் நின்றுவிடுவான். அவள் முன்னே நடந்துகொண்டிருப்பாள். அவனும் பிறகு நடந்துவிடுவான்.

தீயதை விடாமல் நல்லதை அதனோடு சேர்த்துக்கொள்வதால் பயனில்லை. தீயதை விட்டவருக்கே நல்லது உதவும்.