சென்னியப்பன் பிடித்த வெளிச்சம்

சென்னியப்பன் பொய் சொல்வார் என்றால் உடுமலைப் பக்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொய் என்றால் அதில் பாதியாவது நம்புகிற மாதிரி இருக்க வேண்டும். இவர் சொல்வதில் அந்தப் பாதியும் இருக்காது. இத்தனைக்கும் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன அசைவு கிடையாது. பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி முகத்தை அவ்வளவு பொறுப்பாக வைத்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரைத் தமயந்தி அன்றைக்குத் துணைக்குக் கூட்டி வந்தாள் என்றால், வேறு ஆள் கிடைக்கவில்லை. ரிஃப்ளெக்டர் பிடிக்க வருவதாகச் சொன்னவர் காலையில் காய்ச்சல் என்று போனை அணைத்துவிட்டார். ரிஃப்ளெக்டர் என்பது முறம் போல இரண்டு மடங்கு பெரிய வட்டத் தட்டு. வெள்ளிப் பூச்சு மினுமினுக்கும். வெயிலை வாங்கி ஆள் முகத்தில் திருப்பிவிடும். அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பக்கத்துக் கடையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சென்னியப்பன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பிடிக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கூட்டி வந்தாள். தட்டை ஒழுங்காகத்தான் பிடித்தார்.

தமயந்திக்கு அன்றைக்கு விளையாட்டில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஊரார் ஸ்டுடியோக்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ எடுத்த படங்களில் பருவை அழித்து, பறக்கிற முடியைப் படியவைத்து, வேட்டியில் சிந்திய சாம்பாரைப் போக்கிக்கொண்டிருந்தவள். எந்த ஆல்பத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. இப்போதுதான் சொந்தக் கேமரா. காசு கொடுத்துப் படமெடுக்க வந்த முதல் ஜோடியும் இவர்கள்தான். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற அவுட்டோர் படம். பெண்ணின் சித்தி ருக்குமணி காரை விட்டு இறங்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். இன்றைக்குப் படம் நன்றாக வந்தால் கல்யாணத்துக்கும் தமயந்திதான். இல்லையென்றால் கோயம்புத்தூரில் அவர்களுக்குத் தெரிந்த இடம் இருக்கிறது.

இடம் நல்ல இடம். வாய்க்கால் கரை, பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மலை. மணப்பெண் சிந்துஜாவுக்குக் கேமராவைக் கண்டு பயமில்லை. மாப்பிள்ளை நவநீதன்தான் வம்பு. மில்லில் ஷிப்டு பார்க்கிறவர். தமயந்தி கேமராவைத் தூக்கினால் போதும், ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டியவர் மாதிரி முகம் இறுகிவிடும். சிரிங்க என்று சொல்லிப் பார்த்தாள். பல்லைக் காட்டினார். அதற்கு முந்தியதே தேவலை. சித்தி கேமராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"வெயில் எறங்கட்டும் அம்மிணி. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணுக்குக் கீழ குழி விழுந்தாப்புல இருக்கும். சாயங்காலம் வர்ற மஞ்ச வெளிச்சம்தான் மூஞ்சிக்கு நல்லது. என்ன, அது சீக்கிரம் போயிரும். நானெல்லாம் ஒருக்கா போக விடலை."

எதைப் போக விடவில்லை என்று சித்தி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

சூரியனைத்தான். தாராபுரத்துப் பக்கம் ஒரு ஜோடியாம். பெண் கடைசிப் புடவையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் சூரியன் இறங்கப் பார்த்ததாம். இவர் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்க, பட்டுச் சீலை ஒண்ணு பாக்கி இருக்குது என்றாராம். அதுவும் மரியாதை தெரிந்த சூரியன், நின்றுவிட்டது. சுற்று வட்டாரத்தில் கோழிகள் அடையவில்லை. மாலைப் பால் கறக்கிறவர்கள் சொம்போடு காத்திருந்தார்கள். மில்லில் பகல் ஷிப்டுக்காரர்களை வெளியே விடவில்லை, பகல்தான் இன்னும் முடியவில்லையே. மில் என்றதும் நவநீதன் தலையைத் திருப்பினார்.

படம் எடுத்து முடித்ததும் சூரியனைப் போகச் சொன்னீர்களா என்றார் சித்தி.

"அதைத்தானுங்க்கா மறந்துட்டேன். காரை எடுத்துட்டு வர்றேன், குடிமங்கலம் வரைக்கும் பின்னாலயே வந்துட்டிருக்குது."

"தாராபுரத்துல இருந்து மேக்கால இந்தப் பக்கம் வந்தா, சாயங்காலச் சூரியன் முன்னாலதானுங்க இருக்கோணும்?" என்று சித்தி மடக்கினார்.

"இருக்கோணுந்தான். நேரங்கெட்ட நேரமாச்சுங்களா, அதுக்கே வழி தெரியலை."

தமயந்தி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். அது போதாதா? தட்டை முகத்துக்கு நேராகக் காட்டக் கூடாது, கண் கூசி ஆள் அழுகிற மாதிரி ஆகிவிடும், ஓரமாக லேசாகக் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். அதுவரைக்கும் உண்மை. அப்புறம், தான் ஒரு தடவை விவரம் புரியாமல் இதே தட்டைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பிவிட்டதாகச் சொன்னார். களத்தில் காயப்போட்டிருந்த தேங்காய் கண்மூடித் திறப்பதற்குள் கொப்பரையாகிவிட்டது. அதோடு நின்றதா? மரத்தில் இருந்ததெல்லாம் காய்ந்து, தாங்காமல் எண்ணெய் சொட்ட ஆரம்பித்துவிட்டது. கீழே நின்ற மாப்பிள்ளைக்குத் தலை தானாகப் படிந்துவிட்டது.

சித்தி தோப்புக்காரர். அவருக்கு இது பொறுக்கவில்லை. மட்டையோடு மரத்தில் இருக்கிற காய் எப்படிக் காயும் என்று பிடித்துக்கொண்டார்.

"மட்டையைத் தானா உரிச்சுப் போட்டிருச்சுங்க்கா. சூட்டுல நமக்குச் சட்டையோட இருக்க முடியுதுங்களா?"

நவநீதனின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. தமயந்தி பார்த்துவிட்டாள். சட்டென்று கேமராவைத் தூக்கினாள். அந்த அசைவு அந்த நிமிஷமே காணாமல் போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும். தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால்தான் வராது. இத்தனை வருஷம் அடுத்தவர் எடுத்த படங்களில் எத்தனை விறைத்த முகங்களைப் பார்த்தாயிற்று. முகத்துக்கு எவ்வளவு பூசினாலும் சிரிக்காத கண்ணை எந்த எடிட்டிங்கும் சிரிக்கவைக்காது. இது தெரிந்திருந்தும் அந்த ஆளின் மூக்குக்கு முன்னால் கேமராவை நீட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

நீளமான லென்ஸை மாட்டிக்கொண்டாள். குறுகிய வாய்க்கால்தான், பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய் ஒரு தென்னை மறைவில் நின்றால் பேச்செல்லாம் தெளிவாகக் கேட்கும். வெளிச்சம் சரியில்லை, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கலாம், நீங்கள் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து ஓய்வெடுங்கள் என்று ஜோடியிடம் சொன்னாள். போகிற போக்கில் சென்னியப்பன் காதோரம், "நீங்க பேசுங்கண்ணா" என்றாள்.

பேசு என்று சென்னியப்பனிடம் அதுவரைக்கும் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு ஒரு கணம் பேச்சே வரவில்லை.

நல்ல வேளையாகச் சித்தி கேட்டார், நம்ம பெண்ணைப் படத்தில் கொஞ்சம் வெளுப்பாக்கித் தந்துவிடுவீர்கள்தானே என்று. தமயந்தி பாலத்தில் நின்றே பதில் சொன்னாள். பரு இருந்தால் எடுத்துவிடுவேன், நாளைக்கு அது தானாகவே போகிற சமாச்சாரம். நிறத்தைத் தொட மாட்டேன். இந்தப் பெண்ணின் நிறம் இந்த வெளிச்சத்துக்கு ஏற்ற நிறம்.

"தொடவே கூடாதுங்க்கா," என்றார் சென்னியப்பன். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "வெள்ளை வேணும் வெள்ளை வேணும்னு ஒரு வீட்டுல புடிவாதம். நானும் ஏத்துனேன், ஏத்துனேன். ஆல்பத்தைத் தொறந்தா பொண்ணையே காணோம். சீலையும் நகையும் மட்டும் மணவறையில உக்கார்ந்திருக்குது. பெரியவங்க வந்து சீலைக்கு ஆசீர்வாதம் பண்றாங்க."

சிந்துஜா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. பின்னணி மங்கலாகத் தெரிகிற லென்ஸ் ஒன்றை வாங்கி மலைக்கு முன்னால் ஒரு ஜோடியை நிறுத்தி எடுத்தாராம், மலையே கரைந்து, அன்றைக்கு மேலே போன பஸ் வழி தெரியாமல் திரும்பி வந்துவிட்டதாம். சித்திக்கு இப்போது கோபம்கூட வரவில்லை. கொறிக்கக் கொண்டுவந்திருந்த கடலையை உரிப்பதையும் மறந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தது. தோப்புக்குள் மஞ்சள் வழிய ஆரம்பித்தது. தமயந்தி லென்ஸ் வழியே காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரந்தான் இந்த வெளிச்சம். சென்னியப்பன் எவ்வளவு கும்பிட்டாலும் நிற்காது.

"மாப்பிள்ளை ஒருத்தர் கடைசி வரைக்கும் சிரிக்கவே இல்லீங்க," என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "என்ன பண்றது? வேறொரு படத்துல இருந்து ஒரு சிரிப்பை வெட்டி அவரு மூஞ்சியில ஒட்டிவிட்டேன். நல்லாப் பொருந்துச்சு. பொருந்துனது அப்படியே நின்னுருச்சு. எழவு வீட்டுக்குப் போனாலும் அதே சிரிப்பு. சம்சாரம் திட்டினாலும் அதே சிரிப்பு. நாலு ஊர்ல சண்டையாப் போச்சு."

நவநீதன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"எனக்கும் அப்படி ஒண்ணு ஒட்டிவிட முடியுங்களா?"

பாவம், அந்த மனிதர் அன்றைக்கு எவ்வளவு தவித்துப்போயிருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது. நிச்சயமான நாளிலிருந்து அவரிடம் நேராக நாலு வார்த்தை பேசியிராத சிந்துஜா, அவர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாங்க," என்றாள். "அப்புறம் நான் திட்டறது உங்களுக்கு உறைக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நவநீதன் சிரித்தார். லேசாக இல்லை. தோள் குலுங்க, கண் இடுங்க, கையால் முகத்தை மூடப் போய் மூடாமல், அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் அதைப் பார்த்துச் சிரித்தாள். எதிர்க்கரையில் தமயந்தி விரலை எடுக்கவே இல்லை.

பாலத்தைத் தாண்டி ஓடி வந்து சித்தியிடம் காட்டினாள். மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கண் தெளிவாக விழுந்திருந்தது. முகத்தில் தட்டின் வெளிச்சமும் அளவாக விழுந்திருந்தது. சித்தி வெகு நேரம் பார்த்தார். பிறகு, கல்யாணத்துக்கும் நீயே வந்துவிடு கண்ணு என்றார். தமயந்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தன் பெயர் போட்ட ஆல்பம் ஒன்று யாரோ வீட்டு அலமாரியில் இருக்கப் போகிறது.

ஒரே ஒரு குறை. கதை சொல்லும் சுவாரசியத்தில் சென்னியப்பன் தட்டோடு முன்னால் வந்து, வாயை அகலத் திறந்தபடி படத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாப் படத்திலும் நின்றார். இந்த அண்ணனை அழித்துவிடலாம்தானே என்று சித்தி கேட்டார். பின்னால் வெறும் தோப்புதான், சுலபமாக அழித்துவிடலாம் என்றாள் தமயந்தி.

சென்னியப்பனின் முகம் அன்றைக்கு முதல் முறையாக மாறியது.

"அம்மிணி, அழிக்கறதுல மட்டும் நிதானம் வேணும். நான் ஒருக்கா ஜோடிக்குப் பின்னால நின்ன காத்தாடியை அழிச்சேன், கரண்டு எடுக்கற பெரிய காத்தாடி. அடுத்த நாள் கம்பெனிக்காரங்க வந்து, எங்க காத்தாடி எங்கேன்னு என் கடை வாசல்ல நிக்கறாங்க. பயந்துபோய்த் திருப்பிப் போட்டேன். அவசரத்துல தலைகீழா விழுந்திருச்சு. சுத்திச் சுத்தி அங்க ஒரு கெணறே வெட்டிருச்சு, இன்னைக்கும் அந்தத் தோட்டத்துக்கு அதுலதான் தண்ணி பாயுது. காத்தாடிக்கே அந்தக் கதின்னா, நான் வீட்டுக்குப் போய்ச் சோறு திங்க வேண்டிய ஆளு. முழுசா அழிச்சுராதே."

சித்தி கேமராவைத் தமயந்தி கையில் கொடுத்தார்.

"அப்ப வாயை மட்டும் அழிச்சுரு கண்ணு."